கணினிப் பாடம்: டிரைவரை யாரிடமிருந்து வாங்குகிறோம்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் ஒரு பிரிண்டரைச் சாக்குப் பையில் வைத்து, மகனிடம் தூக்கக் கொடுத்து, நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். "எடைக்குப் போடத்தான் எடுத்தேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்" என்றார்.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலையும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையும் செய்யலாம் என்று 3,500 ரூபாய்க்குப் பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதனுடன் வர வேண்டிய சிடி இல்லை. லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் எந்த அசைவும் இல்லை. பழுது பார்க்கும் இடத்தில், "போர்டு போய்விட்டது, 2,200 ஆகும்" என்றார்களாம். மனம் வராமல், இணையத்தில் பிரிண்டரின் பெயரைப் போட்டு, 'டிரைவர்' என்று சேர்த்துத் தேடியிருக்கிறார். முதலாவதாக வந்த தளத்தைத் திறந்தார். பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினார்.

பிரிண்டர் ஓடவில்லை. அதற்குப் பதிலாக, "உங்கள் கணினியில் பல டிரைவர்கள் பழையவை, ஆபத்து" என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. சரிசெய்ய 1,999 ரூபாய் கட்டச் சொன்னது. கட்டினார். பிறகு அந்தத் திரையிலேயே இருந்த உதவி எண்ணுக்குப் பேசினார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகப் பேசி, வேறொரு மென்பொருளை நிறுவச் சொல்லி, கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அன்று மாலை வங்கிக் கணக்கிலிருந்து 14,500 ரூபாய் போயிருந்தது. அது மகளின் செமஸ்டர் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்த பணம்.

நாங்கள் அந்த லேப்டாப்பில் தேவையில்லாமல் புகுந்தவற்றை நீக்கினோம். பிரிண்டரைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, பணம் எதுவும் கட்டாமல் டிரைவரை எடுத்து நிறுவினோம். அரை மணி நேரத்தில் சோதனைத் தாள் வெளியே வந்தது. பிரிண்டரில் ஆரம்பத்திலிருந்தே எந்தப் பழுதும் இல்லை.

"என் பெயர் வேண்டாம். ஆனால் எழுதுங்கள். இன்னொருவர் ஏமாறக் கூடாது" என்று அந்தச் சகோதரி கேட்டுக்கொண்டார். அதனால் இந்த இதழின் கணினிப் பாடம் டிரைவரைப் பற்றியது.

டிரைவர் என்பது என்ன?

முற்காலத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்த கப்பல் வணிகர்களுக்கு நம் மொழி தெரியாது. நம் வணிகர்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. இடையில் துபாஷி இருந்தார். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நாட்குறிப்பு எழுதியவராகப் பலரும் அறிவோம். நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்லில் சொன்னால், தர்ஜமா செய்பவர்.

கணினியில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் டிரைவர். "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்பது விண்டோஸின் பேச்சு. எந்த இடத்தில் எவ்வளவு மை தெளிக்க வேண்டும், தாளை எப்போது இழுக்க வேண்டும் என்பது பிரிண்டரின் பேச்சு. ஒவ்வொரு மாடலுக்கும் பேச்சு கொஞ்சம் மாறும். துபாஷி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நன்றாக இருந்தும் காரியம் நடக்காது. ஆகவே புதிய கருவி ஓடவில்லை என்றால், "கருவி கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டும் முன் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாக் கருவிகளுக்கும் தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை. கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், பெரும்பாலான வெப்கேமராக்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான பேச்சு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. செருகினால் போதும். பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை அடாப்டர், கிராஃபிக்ஸ் கார்டு, கைரேகைக் கருவி போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் தனி டிரைவர் வேண்டியிருக்கும்.

ஏன் இத்தனை எச்சரிக்கை?

நாம் நிறுவும் சாதாரண மென்பொருள் வீட்டுத் திண்ணையில் உட்காரும் விருந்தாளியைப் போன்றது. டிரைவர்களில் பல அப்படியல்ல. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்காருபவை அவை. வீட்டுச் சாவியையே கையில் கொடுத்ததைப் போன்றது.

அந்த இடத்தில் ஒரு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் கெர்னல் டிரைவராக இயங்குவது. அது படித்த ஒரு சிறு கோப்பில் பிழை. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது கெட்ட எண்ணத்தால் நடந்ததல்ல. பிழைக்கே இந்த விளைவு என்றால், ஏமாற்றுக்காரன் கொடுத்த டிரைவர் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால்தான் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாயிற்று. விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டே 64 பிட் கணினிகளில் கையொப்பமில்லாத கெர்னல் டிரைவர் ஏறாது. 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1607 முதல், புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும். "கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு நிறுவுங்கள்" என்று வீடியோக்களில் சொல்லித் தருபவர்கள் உண்டு. வீட்டுக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். அது வாசல் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு உறங்குவதற்குச் சமம்.

செருகுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒன்று: கருவியின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, மாடல் எண்ணை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் ஓர் எழுத்து மாறினாலும் டிரைவர் மாறலாம்.

இரண்டு: உங்கள் விண்டோஸ் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' என்ற பகுதியில் விண்டோஸ் 10-ஆ, 11-ஆ, 32 பிட்டா, 64 பிட்டா என்று எழுதியிருக்கும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. விண்டோஸ் 11 என்றால் 64 பிட்தான்.

மூன்று: பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் புகைப்படங்கள், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். ஏதாவது தவறினால் கணினியின் அமைப்பை அந்த நிலைக்குத் திருப்பலாம்.

நான்கு: கருவியுடன் வந்த குறிப்பேட்டைப் படியுங்கள். பல பிரிண்டர்களுக்கு முதலில் மென்பொருளை நிறுவ வேண்டும், அது "இப்போது இணையுங்கள்" என்று சொன்ன பிறகே கேபிளைச் செருக வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே செருகினால், விண்டோஸ் அதைத் தவறாகப் பதிவு செய்துவிடுவதுண்டு.

டிரைவரை எடுக்கும் வரிசை

முதல் வாசல் விண்டோஸ்தான். குறிப்பேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், இணையம் இருக்கும்போது கருவியைச் செருகிச் சில நிமிடம் பொறுங்கள். விண்டோஸ் தானே தேடி எடுத்துக்கொள்ளக்கூடும். எடுக்கவில்லை என்றால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று உள்ளே போய், டிரைவர் ஏதும் காத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வாசல், கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் தளம். அதன் முகவரியை அட்டைப் பெட்டியிலோ குறிப்பேட்டிலோ பார்த்து, நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். நம் சகோதரி தடுக்கி விழுந்த இடம் அதுதான். நிறுவனத் தளத்தில் 'சப்போர்ட்' பகுதிக்குப் போய், மாடல் எண்ணைக் கொடுத்து, உங்கள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் டிரைவர் கிடைக்கும். பெரிய தொகுப்பு, அடிப்படை டிரைவர் என்று இரண்டு இருந்தால், அச்சிட மட்டும் அடிப்படையானது போதும். லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் வைஃபை, ஒலி, டச்பேடு போன்றவற்றுக்கு லேப்டாப் நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள்.

நிறுவும்போது விண்டோஸ் ஒரு அனுமதிப் பெட்டியைக் காட்டும். பலரும் படிக்காமலே 'யெஸ்' கொடுத்துவிடுகிறோம். அதில் வெளியிட்டவர் யார் என்று எழுதியிருக்கும். பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மேலே செல்லுங்கள். மஞ்சள் நிறப் பட்டையோடு 'அன்நோன் பப்ளிஷர்' என்று இருந்தால் 'நோ' கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். சாவியைக் கேட்டு வந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கிறார் என்று பொருள்.

புதிதாகச் சேர்ப்பது வைஃபை அடாப்டர் என்றால் ஒரு சிக்கல் வரும். டிரைவரை எடுக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். இதற்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குவது. பெரும்பாலும் கூடுதல் டிரைவர் இல்லாமலே கணினிக்கு இணையம் கிடைத்துவிடும்.

ஓடவில்லை என்றால்

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். கணினியோடு சேர்ந்த கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். எதன் மேலாவது மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இருமுறை சொடுக்குங்கள். ஒரு குறியீட்டு எண் தெரியும். மருத்துவர் சீட்டைப் போல அதைப் படிக்கலாம்.

28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. கருவி கெட்டதாகப் பொருளில்லை. நம் சகோதரியின் லேப்டாப்பில் இருந்தது இந்த எண்தான். 22 என்றால் கருவி முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, 'எனேபிள்' கொடுத்தால் போதும். 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் கருவி கோளாறு சொல்வதால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் முதலில் கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள், இடையில் யுஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. அந்த டிரைவரை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்தில் சரியானதை எடுங்கள்.

கருவியின் பெயரே தெரியாமல் 'அன்நோன் டிவைஸ்' என்று இருந்தால், அதே பெட்டியில் 'டீடெயில்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட எண் ஒன்று தெரியும். அதில் தயாரித்தவருக்கு நான்கு இலக்கம், கருவிக்கு நான்கு இலக்கம். போர்டில் செருகும் கருவிகளில் 'வென்' என்பதை அடுத்து 8086 என்று இருந்தால் அது இன்டெல். 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. 1002 என்றால் ஏஎம்டி. தயாரித்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய தளத்துக்குப் போகலாம். 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' என்ற மைக்ரோசாஃப்டின் சொந்தப் பக்கத்திலும் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடலாம்.

புதிய டிரைவர் போட்ட பிறகு முன்பு ஓடியதும் நின்றுவிட்டால் பதறாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திறந்து, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், முன்பு உருவாக்கிய மீட்புப் புள்ளி கைகொடுக்கும்.

இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு "புதிய டிரைவர் தேவை" என்று வெளியார் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வீட்டுக் கணினிக்குத் தேவையே இல்லை.

பழைய கருவி வாங்கும் குடும்பங்களுக்கு

நம்மில் பலர் பழைய பொருள்தான் வாங்குகிறோம். அதில் குறையில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நிறுவனத் தளத்தில் அந்த மாடலுக்கு உங்கள் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறும்போது, பழைய பிரிண்டருக்கு டிரைவர் இல்லாமல் போகும் நிலை சில வீடுகளில் வரலாம். விண்டோஸ் 10-க்கான டிரைவர் பெரும்பாலும் 11-லும் ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தோடு நின்றுபோன டிரைவரை நம்பி வாங்காதீர்கள்.

விண்டோஸில் வழி அடைத்துவிட்ட கருவிக்கு லினக்ஸில் வழி இருப்பதுண்டு. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. பழைய பிரிண்டர், ஸ்கேனர் பலவற்றுக்கும் ஆதரவு நீடிக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளிக் காலத்திலேயே அறிமுகமாகியிருக்கும். லினக்ஸைக் கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கி, கருவி ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். எடைக்குப் போடும் முன் இதையும் முயன்று பார்ப்பது வீண்விரயத்தைத் தடுக்கும்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தச் சகோதரி, வீட்டில் திட்டுவார்களோ என்று அஞ்சி நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாள்தான் பெரிய நஷ்டம். நம் வீடுகளில் ஒருவர் ஏமாந்து வந்து நின்றால், முதல் வார்த்தை ஏச்சாக இருக்க வேண்டாம். ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

அவருடைய புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் திரும்பவில்லை. மகளின் கட்டணத்துக்கு அறக்கட்டளையின் கல்வி நிதியிலிருந்து கடனாக ஏற்பாடு செய்திருக்கிறோம். பிரிண்டர் நன்றாக ஓடுகிறது. தேர்வு நேரத்தில் தெருப் பிள்ளைகள் ஹால் டிக்கெட் எடுக்க அவர் வீட்டுக்குத்தான் போனார்கள்.

கணினியை நம்மிடம் இருக்கும் அமானிதமாகப் பாருங்கள். அதில் குடும்பத்தின் கணக்கும், பிள்ளைகளின் படிப்பும், பெண்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. அதன் சாவியைத் தயாரித்தவரிடமும் விண்டோஸிடமும் தவிர வேறு எவரிடமும் கொடுக்காதீர்கள்.

புதிய கருவி வாங்கி, நிறுவத் தெரியாமல் இருப்பவர்கள் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். கருவி, அதன் கேபிள், மின்கம்பி, லேப்டாப் நான்கையும் கொண்டுவாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அருகில் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே செய்யச் சொல்லித் தருவோம். அடுத்த முறை நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.